மலையுச்சிக்கு ஓர் எஃகுக் கோபுரம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆலையில் உருட்டப்பட்டு வரும் எஃகு உத்திரங்கள் பெரும்பாலும் 12 மீட்டர் நீளம். அந்த நீளத்தை ஏற்றிய டிரெய்லர் அடிவாரம் வரை சிரமமில்லாமல் வந்துவிடும், வளைவுகளில் திரும்பாது. ஆகவே மலைமேல் ஒரு செல்பேசிக் கோபுரமோ, காப்பித் தோட்டத்துக் கிடங்குக்கு டிரஸ் கூரையோ, விடுதிக்கு இரண்டு மாடிச் சட்டகமோ வரையப்போகிற பொறியாளர் எஃகின் வலிமையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே ஒன்றைக் கேட்டாக வேண்டும்: எத்தனை மீட்டர் துண்டு மேலே போகும்? ஆறு மீட்டர்தான் என்றால் உத்திரத்தை இரண்டாகக் கொண்டுபோய் மேலே சேர்க்க வேண்டும். எந்த இடத்தில் சேர்ப்பது, போல்ட் போட்டா வெல்டிங் வைத்தா, மேலே கிரேன் கிடைக்குமா என்று கேள்விகள் வரிசைகட்டும். வடிவமைப்பில் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

எஃகுக் கட்டமைப்பு பற்றிய பாடங்கள் பொருளின் வலிமையில் தொடங்கி இணைப்புகளில் முடியும். சமவெளியில் கட்டுகிறவருக்கு அந்த வரிசை போதும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை போன்ற இடத்தில் சாலை, காற்று, பனிமூட்டம், மண் என்ற நான்கும்தான் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. எஃகு வலுவானதா என்ற கேள்விக்கு ஆலையிலேயே பதில் சொல்லியாகிவிட்டது. அந்த வலிமையில் எவ்வளவு நமக்குக் கிடைக்கும் என்பதைத்தான் பொறியாளர் தீர்மானிக்கிறார். பல சமயம் ஏழில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. அதைக் கோபுரம் ஒன்றை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் பொருள். ஆங்கிள், சேனல், ஐ பீம் என்று இரும்புக் கடைகளில் விற்பவற்றில் பெரும்பகுதி ஐ.எஸ். 2062 தரநிலையின் இ250 வகை. அந்த 250 என்பது சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே தடித்த கம்பி 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுத் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த எல்லைக்குள் இழுத்தால், விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். தாண்டினால் நீண்டது நீண்டதுதான். ஆனால் உடனே அறுந்துவிடாது. அறுவதற்கு முன் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் நீளும். கட்டடத்துக்கு உயிர்நாடியான குணம் இதுதான். ஓரிடத்தில் சுமை அளவுமீறினால் அந்த இடம் சற்று நீண்டுகொடுத்துப் பாரத்தைப் பக்கத்து உறுப்புகளுக்குக் கடத்திவிடும். உள்ளே இருப்பவர்கள் வெளியேறவும் அவகாசம் கிடைக்கும்.

இந்தக் குணத்தைப் பழைய சேலத்து எஃகிடம் எதிர்பார்க்க முடியாது. சேலத்துக்குத் தென்மேற்கே இருக்கும் கஞ்சமலையில் காந்த இரும்புக்கல் ஏராளம். இந்த வட்டாரத்துக் கொல்லர்கள் அதை உருக்கி, மூசையில் வைத்து எஃகாக்கினார்கள். உலகம் வியந்த அந்த எஃகில் கரி நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இருந்தது. வாளுக்கும் உளிக்கும் அது சிறப்பு; கூர் மழுங்காது. உத்திரத்துக்கு ஆகாது, நீளாமல் முறிந்துவிடும். இன்றைய கட்டுமான எஃகில் கரி நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவு.

சேலத்து இரும்புக்கல்லை நம்பித் தன் வாழ்நாளையே செலவிட்ட ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். ஜோசையா மார்ஷல் ஹீத், மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். கல் நல்ல கல். அடுப்புக்குப் போதுமான மரக்கரி கிடைக்கவில்லை, பணமும் போதவில்லை. ஆலை நிலைக்கவில்லை. ஆனால் 1839-ல் இங்கிலாந்தில் அவர் பெற்ற காப்புரிமை நிலைத்தது. உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் எஃகின் தரம் உயரும் என்பது அது. இரும்பிலிருக்கும் கந்தகம் சூட்டில் எஃகை வெடிக்கச் செய்யும். மாங்கனீசு அந்தக் கந்தகத்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. ஷெஃபீல்டு உற்பத்தியாளர்கள் வேறு வழியில் அதையே செய்து உரிமைத்தொகை தராமல் தப்பித்துக்கொள்ள, ஹீத் வழக்காடியே ஓய்ந்து 1851-ல் இறந்தார். இன்று ஏற்காட்டில் நிற்கும் ஒவ்வொரு ஆங்கிளிலும் மாங்கனீசு இருக்கிறது. எஃகு உலைகளின் உட்சுவர்ச் செங்கல்லுக்கு வேண்டிய மேக்னசைட்டும் இதே மலையின் காலடியில், சேலத்தின் சுண்ணாம்புக் குன்றுகளில்தான் வெட்டப்படுகிறது. சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் செய்கிறது. கட்டுமான உத்திரங்கள் பிலாய், பர்ன்பூர் போன்ற தொலைதூர ஆலைகளிலிருந்து வருகின்றன.

இனி கோபுரம். ஐம்பதுக்கு ஐம்பது, ஆறு மில்லிமீட்டர் தடிமன் ஆங்கிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மீட்டருக்கு நாலரை கிலோ. எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். குறுக்குவெட்டுப் பரப்பு 568 சதுர மில்லிமீட்டர். இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால், 250-ஆல் பெருக்க, 142 கிலோநியூட்டன்; ஏறத்தாழ பதினான்கரை டன் வரை அசையாமல் நிற்கும். நீளம் ஒரு மீட்டராக இருந்தாலும் பத்து மீட்டராக இருந்தாலும் அதே பதினான்கரை டன்தான்.

இப்போது அதே ஆங்கிளை இரண்டு மீட்டர் நீளத்தில் நிறுத்தி மேலிருந்து அமுக்குவோம். ஐ.எஸ். 800 விதிநூலின் கணக்குப்படி அதற்கு அனுமதிக்கப்படும் சுமை சுமார் இரண்டு டன்! எஃகு நசுங்குவதற்கு வெகுமுன்பே பக்கவாட்டில் வளைந்து நெளிந்துவிடும். பொருள் மாறவில்லை, எடை மாறவில்லை. விசையின் திசை மாறியதும் வலிமை ஏழில் ஒன்றாகிவிட்டது.

இந்த நெளிவைக் கணக்கிட வழிசொன்னவர் லியோனார்ட் ஆய்லர், 1744-ல். கட்டுமான எஃகு என்ற பொருளே அப்போது உலகில் கிடையாது. அவருடைய சூத்திரத்தில் நம் கவனத்துக்குரியவை இரண்டு. ஒன்று, நீளம் இரட்டித்தால் தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகும். இரண்டாவதைத்தான் மாணவர்கள் வழக்கமாகத் தவறவிடுகிறார்கள்: அந்தச் சூத்திரத்தில் எஃகின் வலிமை இடம்பெறுவதே இல்லை. விறைப்பு மட்டும்தான் இருக்கிறது. விறைப்போ எல்லா வகைக் கட்டுமான எஃகுக்கும் அநேகமாக ஒன்றே, சதுர மில்லிமீட்டருக்கு 2 லட்சம் நியூட்டன். ஆகவே இ250-க்குப் பதிலாகக் கூடுதல் விலை கொடுத்து இ350 வாங்கி நிறுத்தினாலும், அந்த ஒல்லியான இரண்டு மீட்டர் ஆங்கிள் பழைய இடத்திலேயே நெளியும். “நல்ல இரும்பா போட்டுடலாம் சார்” என்று பட்டறையில் அக்கறையோடு சொல்வார்கள். நெளிகிற உறுப்புக்கு அந்த அக்கறையால் பயனில்லை.

பயன் தருவது வேறொன்று. இரண்டு மீட்டர் ஆங்கிளின் நடுவில், அது எந்தப் பக்கமும் நகராதபடி இன்னொரு சிறு ஆங்கிளால் பிடித்துவிட்டால் நெளியும் நீளம் ஒரு மீட்டராகிவிடும். அனுமதிக்கப்படும் சுமை இரண்டு டன்னிலிருந்து ஏறத்தாழ ஆறு டன்னுக்கு உயரும். நான்கு மடங்காக, எட்டு டன்னாக, ஏன் உயரவில்லை என்றால், உண்மை ஆங்கிள் எதுவும் ஆய்லரின் கோட்டைப்போல நேராக இருப்பதில்லை. உருட்டும்போதே சற்று வளைந்திருக்கும். ஆறும்போது உள்ளே இறுக்கங்கள் தங்கியிருக்கும். விதிநூல் அதையெல்லாம் சேர்த்துக் கழித்துத்தான் தருகிறது.

மின்கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் நான்கு தடித்த கால்களுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சன்ன ஆங்கிள்கள் தெரியும். அவற்றில் பலவற்றின்மேல் சுமையே இருக்காது. பெரிய உறுப்பை நடுவழியில் பிடித்துக்கொள்வது மட்டுமே அவற்றின் வேலை. பிடித்துக்கொள்ளத் தேவையான விசையும் அற்பம். பெரிய உறுப்பு தாங்கும் சுமையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு போதும். என் கண்ணுக்கு எஃகுக் கட்டமைப்பில் இதைவிட அழகான விஷயம் கிடையாது. நூறு கிலோவுக்கு இரண்டரை கிலோ துணை. அந்தத் துணை இல்லையென்றால் நூறும் போய்விடும்.

போயும் இருக்கிறது. கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று விழுந்தது. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாலத்தின் அடிப்புறத்தில் அமுக்குவிசையைத் தாங்கிய பெரிய உறுப்புகள் நான்கு தகட்டுத் தொகுதிகளைச் சன்னமான பின்னல் ஆங்கிள்களால் சேர்த்துக் கட்டியவை. நடுவில் தூண்களுக்கிடையேயான நீளத்தை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக்கிய பிறகும் பாலத்தின் சொந்த எடையை உரிய காலத்தில் மறுபடி கணக்கிடவில்லை. பின்னல் தாங்கவில்லை, தகடுகள் தனித்தனியே நெளிந்தன. விழுவதற்குச் சில நாட்கள் முன்பே அந்த உறுப்புகள் வளைந்திருப்பதைக் களத்திலிருந்தவர்கள் அளந்து எழுதியும் அனுப்பியிருந்தார்கள். வேலை நிற்கவில்லை.

உத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதே தர்க்கம்தான். 200 மில்லிமீட்டர் ஐ பீமை நிமிர்த்தி வைப்பதற்கும் படுக்கவைப்பதற்கும் விறைப்பில் சுமார் 15 மடங்கு வித்தியாசம். எஃகை நடுவிலிருந்து விலக்கி மேலும் கீழும் வைப்பதால் வரும் லாபம் அது. மேல் விளிம்பு அமுக்கப்படுவதால் அதற்கும் பக்கவாட்டுப் பிடிமானம் தேவை.

இனி காற்று. மலைச்சரிவில் மோதும் காற்று மேலேறும்போது நெருக்கப்படுகிறது. நெருக்கப்பட்ட காற்று உச்சியில் வேகமெடுக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் 1,623 மீட்டர் உயர மேட்டின் விளிம்பில் நின்றவர்கள் இதை உடம்பாலேயே உணர்ந்திருப்பார்கள். காற்றுச்சுமைக்கான ஐ.எஸ். 875 விதிநூலின் மூன்றாம் பகுதி இதற்கென்றே ஒரு பெருக்கல் எண் வைத்திருக்கிறது. சரிவு 3 டிகிரிக்குள் இருந்தால் கணக்கில் எடுக்க வேண்டாம். 17 டிகிரிக்கு மேல் போனால் உச்சியில் வேகத்தை 1.36 வரை பெருக்க வேண்டும். அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால் 1.36 என்பது அழுத்தத்தில் 1.85 ஆகிறது. நொடிக்கு 40 மீட்டர் காற்று சமவெளியில் ஒரு சதுர மீட்டரை ஏறத்தாழ 98 கிலோ விசையால் தள்ளும். அதே காற்று உச்சியில் 180 கிலோவுக்கு மேல் தள்ளும். சேலத்தில் பத்திரமாக நிற்கிற ஒரு கோபுரத்தின் வரைபடத்தை அப்படியே மலைமேல் பயன்படுத்துவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த இரண்டு எண்களும் போதும். விளிம்பிலிருந்து உள்ளே தள்ளிப் போகப் போக இந்தக் கூடுதல் குறையும். ஐம்பது, நூறு மீட்டர் தள்ளி இடம் தேர்ந்தால்கூட எஃகும் பணமும் மிச்சமாகும்.

காற்று கோபுரத்தை எங்கே சோதிக்கிறது? எல்லோரும் அது சாயும் பக்கத்துக் கால்கள்தான் ஆபத்தில் இருக்கின்றன என்று நினைக்கிறார்கள். எதிர்ப்பக்கத்துக் கால்களைப் பாருங்கள். 36 மீட்டர் கோபுரத்தின்மேல் மொத்தம் 4 டன் காற்று விசை, நடு உயரத்தில் செயல்படுவதாக வைத்துக்கொள்வோம். 4 டன் 18 மீட்டர் உயரத்தில் என்றால் 72 டன்-மீட்டர். கால்களுக்கிடையே 4 மீட்டர் அகலம். காற்று வரும் பக்கத்து இரண்டு கால்களையும் தரையிலிருந்து பிடுங்கும் விசை 18 டன், காலுக்கு 9 டன். கோபுரத்தின் சொந்த எடை 6 டன் என்றால் காலுக்கு ஒன்றரை டன்தான் கீழ்நோக்கி அழுத்தும். மீதி ஏழரை டன்னை அஸ்திவாரம் பிடித்துவைக்க வேண்டும். காலுக்கு மூன்று கன மீட்டருக்கு மேல் கான்கிரீட், பாதுகாப்புக் காரணியைச் சேர்க்காமலே! கட்டடங்களில் அஸ்திவாரம் சுமையைத் தாங்குகிறது. எஃகுக் கோபுரத்தில் நங்கூரமாகிறது. அதனால்தான் விதிநூல் காற்றை 1.5-ஆல் பெருக்கச் சொல்லும்போது, உதவிக்கு நிற்கும் சொந்த எடையை 0.9-ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. எதிரியைக் கூட்டியும் நண்பனைக் குறைத்தும் எண்ணுவது.

சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோகைட். அதில் துளையிட்டுக் கம்பி இறக்கினால் அருமையான நங்கூரம். ஆனால் உச்சிகளில் அதன்மேல் பாக்சைட்டும் செம்மண்ணும் போர்வையாகக் கிடக்கின்றன. அஸ்திவாரத்தின் மேலிருக்கும் மண்ணின் எடையையும் நங்கூரக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். அந்த மண் மழைநீரில் மூழ்கினால் அதன் எடையில் பாதிவரை மிதப்புக்குப் போய்விடும். புயல் வரும் நாளில் காற்றும் மழையும் சேர்ந்தேதான் வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலோடு வந்த மழையில் ஏற்காட்டு மலைச்சாலையில் மண் சரிந்ததை ஊரே பார்த்தது. காய்ந்த மண்ணை வைத்துப் போட்ட கணக்கு அந்த இரவில் செல்லாது.

கடைசியாக இணைப்பு. இழுவிசையில் பதினான்கரை டன் தாங்கும் நம் ஆங்கிளுக்குத் திரும்புவோம். அதை, உறுப்புகளைச் சேர்க்கும் தகடான கசட் பிளேட்டில் மாட்ட 16 மில்லிமீட்டர் போல்ட் என்றால், சாதாரண 4.6 வகை போல்ட் ஒன்று வெட்டுவிசையில் சுமார் மூன்று டன்தான் தாங்கும். ஐந்து போல்ட் வேண்டும். போல்டுக்காக 18 மில்லிமீட்டர் துளை போட்டதும் ஆங்கிளின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல்போகும். துளை மையத்திலிருந்து ஆங்கிளின் முனை வரை, ரம்பத்தால் அறுத்திருந்தால் 27 மில்லிமீட்டர் விட வேண்டும்; கையால் கேஸ் கட்டிங் செய்திருந்தால் ஏறக்குறைய 31. கையால் வெட்டிய விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிளவுகள் இருக்கலாம் என்பதற்காக அந்த நாலு மில்லிமீட்டர்.

வெல்டிங்கிலும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. பட்டறையில் வைக்கும் வெல்டிங்குக்குப் பாதுகாப்புக் காரணி 1.25, களத்தில் வைப்பதற்கு 1.5. வெல்டரின் திறமைமேல் சந்தேகப்பட்டு வைத்ததல்ல இது. களத்தில் மழை உண்டு, காற்று உண்டு, எட்டாத இடத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஏற்காட்டின் மூட்டத்தில் ஈரம்பட்ட வெல்டிங் ராடு உருகும்போது நீரிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். வெல்டிங் ஆறிய பிறகு, சில சமயம் மறுநாள், பிளவு தோன்றும். துருவுக்கு எதிராகச் சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் பூசி மேலே கொண்டுபோன ஆங்கிளில் மறுபடி வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பூச்சும் எரிந்துபோகும். பட்டறையில் வெட்டி, துளையிட்டு, கடைசியில் துத்தநாகத் தொட்டியில் முக்கி, மேலே போல்ட் மட்டும் முடுக்குவதே இந்த மலைக்கு ஏற்ற முறை.

வளைவுகளுக்காக இரண்டாக்கிய உத்திரத்தையும் அப்படித்தான் சேர்க்க வேண்டும், வளைவிசை குறைவாக இருக்கும் இடத்தில். அந்த இடத்தை வரைந்தவர்தான் குறிக்க வேண்டும். லாரிக்கு வசதியாக அடிவாரத்தில் யாரோ முடிவு செய்யக் கூடாது. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி விடுதியின் நடைபாலங்கள் 1981 ஜூலை 17 அன்று விழுந்து 114 பேர் இறந்தது இப்படியொரு வசதியால்தான். மேலிருந்து தொங்கும் ஒரே நீளக் கம்பி இரண்டு பாலங்களையும் தாங்குவதாக வரைந்திருந்தார்கள். செய்வதற்குச் சுலபமென்று அதை இரண்டு கம்பிகளாக்கினார்கள். கீழ்ப்பாலத்தின் எடையும் மேல்பாலத்தின் நட்டின்மேல் விழுந்து, அந்த ஒரு நட்டின் சுமை இரட்டிப்பானது. மாற்றத்தை யாரும் மறுபடி கணக்கிடவில்லை.

கோபுரங்களுக்கு இங்கே இன்னொரு மாற்றம் நேர்கிறது. இரவில் வந்து அடிப்பகுதியின் சன்ன ஆங்கிள்களைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். கோபுரம் அசையாமல் நிற்கிறது. பார்க்கிறவர்களுக்கும் எதுவும் குறைந்ததாகத் தோன்றுவதில்லை. ஆனால் நடுப்பிடிமானம் போன அந்த உறுப்பின் நெளியும் நீளம் ஒன்றிலிருந்து இரண்டு மீட்டராகிவிட்டது. ஆறு டன் இரண்டு டன்னாகிவிட்டது. அடுத்த பெருங்காற்று வரும்வரை அது தெரியாது. இதற்காகவே தரையிலிருந்து சில மீட்டர் உயரம் வரை, முடுக்கிய பிறகு ஸ்பானரால் கழற்ற முடியாத தனிவகை நட்டுகளைப் போடுகிறார்கள். அது இல்லாத பழைய கோபுரங்கள் நிறைய உண்டு. பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் முதலில் கண்ணில் படும். காலி துளைகளோடு ஒரு கசட் பிளேட் தெரிந்தால் அன்றைக்கே மின்வாரியத்துக்கோ கோபுரத்துக்குரியவருக்கோ சொல்லிவிட வேண்டும். நாலரை கிலோ ஆங்கிளை மறுபடி மாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகாது.